சாணத்தில் கிடந்த எள்

விடிந்ததும் எங்கள் வீட்டுக் கோழிகள் முதலில் ஓடுவது மாட்டுக்கொட்டிலுக்குத்தான். நான் தூவும் தீனுக்குக்கூட அவை அவ்வளவு அவசரப்பட்டதில்லை. சாணத்தைக் காலால் கிளறி, அதற்குள் முழுசாகக் கிடக்கும் நெல்லைப் பொறுக்கித் தின்னும். மாடு தின்ற நெல் மாட்டுக்கு உதவாமல் கோழிக்குப் போகிறதே என்று யாராவது சொன்னால், நான் உடனே பாடம் நடத்தத் தொடங்கிவிடுவேன். இருபத்தெட்டு வருடம் பண்டத்தரிப்புப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் விவசாயம் படிப்பித்தவளுக்கு அந்த வியாதி சுலபத்தில் போகாது.

கரும்பலகையில் மாட்டின் வயிற்றை நான்கு அறைகளாகக் கீறிவிட்டுச் சொல்வேன். முழு நெல்லைப் போட்டால் உமி அதைக் காப்பாற்றிக் கொண்டுபோய் அப்படியே வெளியே விட்டுவிடும். குற்றிக் குறுணலாக்கி ஊறவைத்துப் போட்டால் ஓரளவு செமிக்கும். சோறாக்கிப் போட்டால் முழுக்கச் செமிக்கும், அதுதான் ஆபத்து. இந்த இடத்தில் பிள்ளைகள் சிரிப்பார்கள். செமித்தால் நல்லதுதானே ரீச்சர் என்று ஒரு பிள்ளை கேட்கும். மாட்டின் பெரிய வயிறு வைக்கோலையும் புல்லையும் ஆறுதலாகப் புளிக்கவைப்பதற்கு உண்டானது, அதற்குள் சோறு போனால் ஒரேயடியாகப் புளித்து அமிலமாகி, அந்த அமிலம் வயிற்றின் சுவரையும் பிறகு இரத்தத்தையும் கெடுத்துவிடும் என்று விளங்கப்படுத்துவேன். பரீட்சையில் இந்தக் கேள்விக்கு நான் புள்ளி குறைக்காமல் விட்ட பிள்ளைகள் குறைவு. அவ்வளவு கறாராக இருந்தேன்.

ஓய்வு பெற்ற பிறகு எங்கள் ஒழுங்கையில், அந்தச் சிறிய தெருவில், மாடு வைத்திருந்தது நான் ஒருத்திதான். மற்றவர்கள் பால்மாவுக்கு மாறிவிட்டார்கள், அதில் எனக்கு ஒரு முறைப்பாடும் இல்லை. பிள்ளைகள் இருவரும் வெளிநாட்டில், கணவர் இல்லை, காலையில் எழும்புவதற்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. சிவப்பு மாடு, நெற்றியில் மட்டும் வெள்ளை. பெயர் வைக்கவில்லை. வகுப்பில் கூப்பிட்ட பெயர்களே எனக்கு ஆயுளுக்குப் போதும். காலையில் தவிடும் எள்ளுப் புண்ணாக்கும் ஒரு சுண்டுப் பேணி குறுணலும், பகலில் புல்லும் பனையோலையும், பின்னேரம் வைக்கோல். நான் சொல்லும் காலத்தில் அது ஆறு மாதச் சினை.

இனி அந்தத் திதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஒழுங்கையில் ஏழு வீட்டுக்குத் திவசம் ஒரே நாளில் வரும். சண்டையில் இடம்பெயர்ந்து போன காலத்தில் ஒழுங்கைக்காரர் எல்லோரும் பிரியாமல் ஒரு மரத்தின் கீழ்தான் தங்கியிருந்தோம். பிரியாமல் இருந்தால் பாதுகாப்பு என்று நினைத்தோம். ஒரு மத்தியானம் செல் குண்டு ஒன்று அந்த மரத்தடியில் விழுந்தது. என் கணவர் அங்கேதான் செத்தார். முன்வீட்டு அக்காவின் மகளும் அங்கேதான். மற்ற ஐந்து வீட்டு ஆட்களையும் நான் இங்கே எழுதப்போவதில்லை, அது அவரவர் வீட்டுக் கதை.

ஊருக்குத் திரும்பிவந்த பிறகு ஒவ்வொரு வருடமும் அந்தத் திதியில் ஏழு வீட்டிலும் சமையல் நடக்கும். படைத்து முடிந்ததும் சோற்றில் எள் தூவி முதலில் காகத்துக்கு வைப்பார்கள், பிறகு பசுவுக்கு. பசு ஒரு வாய் எடுத்த பிறகுதான் வீட்டுக்காரர் சாப்பிட இலையில் இருப்பார்கள். அதுவரை பச்சைத்தண்ணீரும் பல்லில் படாது. ஊர் முழுக்க இப்படிச் செய்கிறார்களா என்று எனக்குத் தெரியாது, எங்கள் ஒழுங்கையில் அதுதான் வழக்கம். பசு என்று இருந்தது என் வீட்டில் ஒன்று. ஆகவே ஏழு வீட்டுச் சோறும் என் கொட்டிலுக்குத்தான் வரும்.

முதலில் ஒரு பிடிதான் வந்தது. பிறகு வாழையிலை நிறைய வந்தது, பிறகு வடையும் பாயாசமும் சேர்ந்து வந்தன. ஒரு வீட்டில் வெளிநாட்டு மகனுக்குப் பசு தின்பதைத் தொலைபேசியில் காட்டுவார்கள். மாடு தலையைத் திருப்பிவிட்டால், "அம்மா, இன்னும் கொஞ்சம் வைச்சுப் பாருங்கோ, அப்பா கோவிச்சிட்டார் போல" என்று அங்கேயிருந்து குரல் வரும். இங்கே இன்னும் இரண்டு பிடி விழும். நான் பக்கத்தில் நின்று பல்லைக் கடிப்பேன். ஒருமுறை மாட்டுக்கு வயிறு ஊதி, எண்ணெய் பருக்கி, அன்று முழுதும் நடத்திச் சமாளித்தேன். அடுத்த வருடம் ஒரு சட்டம் போட்டேன். தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு சிரட்டையை வைத்துவிட்டு ஒழுங்கை முழுக்கச் சொல்லிக்கொண்டு போனேன்.

"வீட்டுக்கு ஒரு சிரட்டை. அதுக்கு மேலை ஒரு பருக்கை போடக்கூடாது. செத்த ஆக்கள் கணக்குப் பாக்க மாட்டினம்."

இந்தக் கடைசி வசனத்தை நான் சொல்லியிருக்கக்கூடாது. ஒருவரும் எதிர்த்துக் கதைக்கவில்லை. ரீச்சர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று தலையாட்டினார்கள். முன்வீட்டு அக்கா மட்டும் தலையாட்டவில்லை, படலையைச் சாத்திக்கொண்டு உள்ளே போனார். எழுபது வயதுக்கு மேலிருக்கும், யாரோடும் அதிகம் கதைக்காத மனிசி. தினமும் மத்தியானம் அரிசி கழுவிய கழுநீரை வாளியில் கொண்டுவந்து என் மாட்டுக்கு ஊற்றிவிட்டுப் போவார், அவ்வளவுதான்.

மூன்று வருடம் சிரட்டைச் சட்டம் நன்றாக நடந்தது. நான்காம் வருடம் அந்தத் திதியன்று நான் காலையிலேயே சமைத்துவிட்டுக் கணவருக்கு மோட்ச அர்ச்சனை செய்யக் கோயிலுக்குப் போனேன். கூட்டம், ஐயர் பிந்திவிட்டார், திரும்பிவர மத்தியானம் தாண்டிவிட்டது. சிரட்டை கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. தொட்டி நக்கித் துடைத்தது போல இருந்தது. ஆறு வீட்டுக்காரரும் வந்து ஆறு சிரட்டை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று கணக்குப் போட்டேன். மாடு என்னைப் பார்த்துக் கத்தியது.

அன்று நான் சமைத்தது எனக்கே விளங்காத சமையல். ஒருத்திக்குக் கால் சுண்டு அரிசியே தாராளமாகக் காணும். நான் ஒரு பானை உலை வைத்திருந்தேன். கத்தரிக்காய்ப் பால்கறி, பருப்பு, வாழைக்காய்ப் பொரியல், பயற்றம்பாயாசம் எல்லாம் அவர் விரும்பிச் சாப்பிட்டவை. பிள்ளைகள் இரண்டு பேரும் தொலைபேசி எடுக்கவில்லை, அங்கே அப்போது விடியற்காலை. படைத்தேன், காகத்துக்கு வைத்தேன். இனி இலையைப் போட்டு இருந்தாலும் எதிரே ஒருவரும் இல்லை. அந்தப் பானையை நான் எத்தனை நாள் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துத் தின்பது? கொட்ட மனம் வரவில்லை. அவருக்கென்று ஆக்கியதைக் குப்பைக்குழியில் கொட்ட எனக்குக் கை வரவில்லை.

ஒரு சிரட்டை வைத்தேன். மாடு ஒரே இழுவையில் தின்றுவிட்டு மூக்கை நீட்டியது. இன்னொன்று வைத்தேன். பிறகு சிரட்டையை அந்தப் பக்கம் போட்டுவிட்டு, எள்ளைக் கை நிறையத் தூவிப் பானையைச் சரித்தேன். பருப்பும் பால்கறியும் கலந்த சோற்றை அது சத்தத்தோடு தின்பதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். பல வருடங்களுக்குப் பிறகு என் சமையலை யாரோ ஆசையாகச் சாப்பிட்டார்கள். கரும்பலகையும் நான்கு அறைகளும் எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தன. ஒரு நாள்தானே என்று நினைத்தேன்.

அடுத்த நாள் காலையில் கொட்டிலுக்குப் போனபோது கோழிகள் ஏற்கெனவே அங்கே நின்றன. மாடு தலையைத் தொங்கப்போட்டபடி நின்றது. இரைமீட்கவில்லை. அந்த நேரத்தில் அதன் தாடை ஒருநாளும் சும்மா இருந்ததில்லை. இடப்பக்க வயிறு தள்ளியிருந்தது, கையால் அமத்தினால் உள்ளே தண்ணீர் அலம்பியது. மூச்சில் பழைய மா புளித்த மணம். சாணம் கூழாக, சாம்பல் மஞ்சளாகக் கிடந்தது. அதற்குள் கருகருவென்று எள், ஏழு சிரட்டையில் வரக்கூடியதைவிட எத்தனையோ மடங்கு.

எள்தான் என்னைக் காட்டிக்கொடுத்தது. சோறு கரைந்து அடையாளம் இல்லாமல் போயிருந்தது. எள் மட்டும் போட்ட மாதிரியே ஒன்றும் குறையாமல் வெளியே வந்திருந்தது. பார்த்தவுடனே எனக்கு எல்லாம் விளங்கியது. மிருக வைத்தியருக்குத் தொலைபேசி எடுத்தேன். அதற்குப் பிறகு நான் செய்ததைத்தான் இந்தக் கதையில் எழுதக் கை கூசுகிறது. மண்வெட்டியை எடுத்துச் சாணம் முழுவதையும் எருக்குழிக்குள் இழுத்துவிட்டு, மூன்று வாளி தண்ணீர் ஊற்றிக் கொட்டிலைக் கழுவினேன். கோழிகள் எருக்குழிக்குப் பின்னாலேயே ஓடின.

ஏன் அப்படிச் செய்தேன் என்று பிறகு எத்தனையோ காரணம் யோசித்துப் பார்த்தேன். திவசச் சோறு பசுவைக் கெடுத்தது என்று ஒழுங்கையில் ஒரு சொல் வந்தால் ஏழு வீடும் நொந்துபோகும் என்பது ஒரு காரணம். அது நல்ல காரணம் போலத் தெரிகிறது. உண்மை என்னவென்றால் வெட்கம். ஊருக்குச் சிரட்டை வைத்த ரீச்சர் தானே பானையைக் கவிழ்த்தாள் என்று ஊர் கதைப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

மிருக வைத்தியர் மோட்டார் சைக்கிளில் ஒன்பது மணிக்கு முன்னமே வந்துவிட்டார். தென்மராட்சிப் பக்கத்துப் பிள்ளை, அமைதியானவர். வயிற்றில் குழாயை வைத்துக் கேட்டார், கைமுட்டியால் அமத்திப் பார்த்தார், கண்ணின் கீழிமையை இழுத்துப் பார்த்தார்.

"ரீச்சர், நேற்று என்ன போட்டனீங்கள்?"

"வழக்கமாப் போடுறதுதான் டொக்டர். தவிடு, புண்ணாக்கு."

"சோறு கீறு ஏதும்?"

"திவசத்துக்கு வீட்டுக்கு ஒரு சிரட்டை வைச்சவை. ஏழு சிரட்டை வரும்."

அவர் யோசித்தார். "இந்த மாட்டுக்கு அவ்வளவும் தாங்கும். அவ்வளவுக்கு இப்பிடி வராதே. சாணம் எங்கை?"

"கூட்டி அள்ளிப் போட்டன்."

"இனிப் போட்டால் அள்ளாதேங்கோ, எனக்குப் பாக்க வேணும்." பிறகு இன்னொரு தடவை கேட்டார். "வேறை ஒண்டும் இல்லைத்தானே ரீச்சர்?"

"இல்லை" என்றேன்.

அவர் என் வார்த்தையை நம்பினார். சாதாரணச் செமியாக்குணத்துக்கு என்ன செய்வார்களோ அதைச் செய்தார். ஒரு ஊசி போட்டார், ஒரு மருந்து பருக்கினார், பின்னேரம் வரை பாருங்கோ என்றார். வேறு ஒரு வீட்டில் மாடு கன்று போட முடியாமல் கிடக்கிறது என்று அவசரமாகப் போய்விட்டார். படலையடியில் அவருடைய மோட்டார் சைக்கிள் திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். கூப்பிட்டிருக்கலாம், வாய் திறக்கவில்லை. போனமுறை சுகமான மாதிரி இந்தமுறையும் சுகமாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மத்தியானம் முன்வீட்டு அக்கா வழக்கம் போலக் கழுநீர் வாளியோடு வந்தார். மாடு அப்போது முன்னங்காலை மடித்துப் படுத்துவிட்டது. வாளியை ஊற்றாமலே நிலத்தில் வைத்தார்.

"என்ன ரீச்சர் இது?"

"வயிறு சரியில்லை அக்கா. டொக்டர் வந்து பாத்திட்டுப் போட்டார்."

அவர் கொஞ்ச நேரம் மாட்டைப் பார்த்தார். பிறகு அப்படியே என் காலடியில் குந்திவிட்டார்.

"நான்தான் ரீச்சர். நேற்று நீங்கள் இல்லாத நேரம் பார்த்து வந்தனான். உங்கடை சிரட்டையாலை வைக்கேல்லை. பானையோடை கவிட்டிட்டன்."

நான் வாளியை ஓரத்துக்கு நகர்த்தினேன்.

"மூண்டு வருசமாச் சிரட்டையாலைதான் வைச்சனான். மனம் கேக்கேல்லை ரீச்சர். அண்டைக்கு மரத்தடியிலை நான் உலை வைச்சுக்கொண்டிருந்தனான். பிள்ளை தட்டைக் கொண்டந்து பக்கத்திலை இருந்தவள். பசிக்குதம்மா எண்டவள். பொறு பிள்ளை, இன்னும் வேகேல்லை எண்டு சொன்னனான். அவளோடை நான் கதைச்ச கடைசிக் கதை அதுதான். அவளின்ரை பசிக்கு ஒரு சிரட்டை எப்பிடிக் காணும்?"

எனக்கு அந்த மரத்தடி தெரியும். அந்த உலையும் தெரியும், அது என் கணவர் கொண்டுவந்த கல்லில் வைத்த உலை. ஆனால் இந்தக் கதையை அக்கா அதுவரை யாருக்கும் சொல்லியிருக்கவில்லை. செத்த ஆட்கள் கணக்குப் பார்க்க மாட்டார்கள் என்று நான் ஒழுங்கை முழுக்கச் சொல்லிக்கொண்டு போனது ஞாபகம் வந்தது.

உடனே மிருக வைத்தியருக்குத் தொலைபேசி எடுத்தேன். அக்கா பக்கத்திலேயே நின்றார். "டொக்டர், முன்வீட்டு அக்கா நேற்று ஒரு பானைச் சோறு போட்டிருக்கிறா. எனக்கு இப்பதான் தெரியும்" என்றேன். என் பானையைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. இவ்வளவு நடந்த பிறகும் அதை மறைத்தேன். எனக்குப் பதிலாகச் சொல்ல ஒரு ஆள் கிடைத்துவிட்டார், அந்த ஆளின் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

வைத்தியர் மூன்று மணிக்கு வந்தார். தொண்டைக்குள்ளால் வயிற்றுக்குக் குழாய் விட்டார். பால் போல வெள்ளைத் தண்ணீர் கொஞ்சம் வந்தது, புளித்த மணம் படலை வரை போனது. என் சமையலறையிலிருந்த அப்பச்சோடா முழுவதையும் கரைத்துப் பருக்கினார், அதுவும் காணாது என்று பக்கத்து வீட்டிலும் வாங்கினோம். கழுத்து நரம்பில் சேலைன் ஏற்றினார். போத்தலைக் கூரை வளையில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு நான் நின்றேன்.

"காலமை தெரிஞ்சிருந்தால்..." என்று சொல்லி நிறுத்தினார்.

"என்ரை பிழைதான் டொக்டர்" என்றார் அக்கா. "நான் விடியவே வந்து சொல்லியிருக்க வேணும்."

"நீங்கள் என்ன செய்வீங்கள் அம்மா, உங்களுக்குத் தெரியாதுதானே. ஆனால் ஒரு பானை எண்டாலும் இவ்வளவு மோசமா வரக்கூடாது." இதைச் சொல்லும்போது அவர் அக்காவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். நான் சேலைன் போத்தலின் கயிற்றை அவிழ்த்துத் திரும்பக் கட்டினேன்.

அடுத்த நாள் மத்தியானத்துக்கு முன்னம் மாடு செத்தது. கன்றும் உள்ளேயே போய்விட்டது. பெக்கோ மெசின் கொண்டுவந்து கிடங்கு வெட்டி, வளவின் பின்பக்கம் பனைகளுக்கு நடுவே தாட்டோம். ஒழுங்கைக்காரர் எல்லோரும் வந்தார்கள். அக்கா எல்லோருக்கும் முன்னால் சொன்னார், "நான் குடுத்த சோறுதான் இந்தச் சீவனைச் சாகடிச்சது." ஒருவரும் அவரைக் குறை சொல்லவில்லை. எல்லோரும் சொன்ன மாதிரி நானும், "அப்பிடி நினையாதேங்கோ அக்கா" என்றேன். என்னுடைய அந்தச் சொல் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். பெருந்தன்மையான ரீச்சர் என்றுகூட யாராவது நினைத்திருப்பார்கள்.

சைவக்காரருக்குப் பசுவைக் கொன்ற பாவம் என்றால் என்ன என்று நான் விளக்கத் தேவையில்லை. அந்த வருடம் முழுக்க அவர் வெள்ளிக்கிழமைகளில் அகத்திக்கீரைக் கட்டோடு கோயில் மாட்டுக்கு நடந்து போனார். பஸ்ஸில் போகச் சொன்னாலும் கேட்கவில்லை. வெயிலில் வெறுங்காலோடு போவார். நான் என் யன்னலுக்குள்ளால் பார்ப்பேன். ஒவ்வொரு வெள்ளியும் இன்றைக்குச் சொல்வோம் என்று நினைப்பேன், பிறகு உடுப்புத் தோய்க்கப் போய்விடுவேன். வேறு மாடு நான் வாங்கவில்லை. கோழிகள் கொஞ்ச நாள் கொட்டிலைச் சுற்றிவிட்டு விட்டுவிட்டன.

அடுத்த திதி வந்தது. மற்ற வீட்டுக்காரர் சோற்றைக் கோயில் மாட்டுக்குக் கொண்டு போனார்கள், ஒரு ஒட்டோ பிடித்து எல்லோருமாகப் போனார்கள். நான் கால் சுண்டு அரிசி போட்டுச் சமைத்துப் படைத்தேன். முன்வீட்டிலிருந்து தாளிதம் ஒன்றும் மணக்கவில்லை. அக்காவின் மதிலில் இரண்டு காகம் வந்திருந்து கத்திக் கத்திப் பார்த்துவிட்டு என் பக்கம் வந்தன. மத்தியானம் கடந்தும் அந்த வீட்டுக் குசினிக் கதவு திறக்கவில்லை. நான் படலையைத் திறந்துகொண்டு போனேன்.

குசினி வாசலில் வெறும் நிலத்தில் இருந்தார். அடுப்பு கூட்டியபடியே கிடந்தது, நெருப்பு வைக்கவில்லை.

"ஏன் அக்கா சமைக்கேல்லை?"

"இனிச் சமைக்கிறேல்லை ரீச்சர். என்ரை சோறு சீவனைக் கொல்லுது. அண்டைக்கு வேகாமல் பிள்ளையைச் சாகடிச்சது, பேந்து வெந்து மாட்டைச் சாகடிச்சது. பிள்ளை பசியோடையே இருக்கட்டும்."

அவர் அழவில்லை. சந்தைக்குப் போகவில்லை என்று சொல்வது போலத்தான் சொன்னார். ஒரு மாட்டைக் கொன்றதோடு என் பிழை முடிந்ததென்று நான் நினைத்திருந்தேன். செத்துப்போன பிள்ளையின் தட்டிலும் கை வைத்துவிட்டேன் என்று அப்போதுதான் விளங்கியது. அவருக்கு எதிரே நிலத்தில் இருந்தேன்.

"அக்கா, அண்டைக்கு நானும் ஒரு பானை போட்டனான்."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்கள் போட்டது தெரியாமல், கோயிலாலை வந்து போட்டனான். உங்கடை பானையிலும் பெரிசு. அடுத்த நாள் காலமை சாணத்திலை எள்ளுக் கிடந்தது. டொக்டர் வர முன்னம் நான்தான் அள்ளி மறைச்சனான். அவர் ரெண்டு தரம் கேட்டவர். ரெண்டு தரமும் பொய் சொன்னனான். காலமை சொல்லியிருந்தால் மாடு தப்பியிருக்கும். உங்கடை சோறு கொல்லேல்லை. நான்தான் சாகடிச்சனான். உங்கடை தலையிலை போட்டிட்டு ஒரு வருசம் பாத்துக்கொண்டு இருந்தனான்."

அவர் கத்துவார், ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். ஏசினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன். அவர் என் முகத்தை நெடுநேரம் பார்த்தார். அந்தப் பார்வையில் இரக்கம் இருந்ததாக நான் எழுதினால் அது இன்னொரு பொய்.

"எழும்பிப் போங்கோ ரீச்சர்" என்றார்.

எழும்பி வந்தேன். என் இலையில் சோறு ஆறிப்போய்க் கிடந்தது, தொடவில்லை. காலியான கொட்டிலில் போய் ஒரு பலகைக்கட்டையில் இருந்தேன். ஏன் அங்கே போனேன் என்று தெரியாது. கொஞ்ச நேரத்தில் முன்வீட்டுப் பக்கமிருந்து புகை வந்தது. பிறகு வெங்காயமும் செத்தல் மிளகாயும் தாளிக்கும் மணம் வந்தது. காகங்கள் என் கூரையிலிருந்து எழும்பி அந்தப் பக்கம் போயின.

மூன்று மணி இருக்கும், படலை திறந்தது. அக்கா குளித்து, ஈரத்தலையோடு, நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டு வந்தார். இடுப்பில் ஒரு அலுமினியப் பானை, கையில் ஒரு கூடையில் பருப்பும் கறியும். வீட்டுக்குள் என்னைத் தேடவில்லை, நேரே கொட்டிலுக்கு வந்தார். ஒரு வாழையிலையை எனக்கு முன்னால் விரித்தார். பானையைச் சரித்துச் சோற்றைக் குவித்தார், பருப்பை ஊற்றினார், கறியை வைத்தார். மேலே எள் தூவினார். அவர் உதடு காய்ந்திருந்தது, விடிந்ததிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காதவர். நான் ஒரு வாய் எடுக்கும்வரை குடிக்கவும் மாட்டார்.

"அக்கா, இவ்வளவும் என்னாலை..."

அவர் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, மாடு தின்னும்போது நிற்கும் இடத்தில் நின்றார்.

"மாடு மிச்சம் விடுறேல்லை ரீச்சர்" என்றார். "சாப்பிடுங்கோ. பிள்ளைக்குப் பசிக்குது."

முதல் வாயை எடுத்தேன். நன்றாக வெந்திருந்தது.